கழுந்தும் துளையும்: மரத்தச்சின் எழுதப்படாத வரலாறு

வரலாற்றுக்குச் சான்றுகள் எவை என்று கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி, பயணக்குறிப்பு என்று நாம் அடுக்கத் தொடங்குகிறோம். அந்த வரிசையில் மரம் இடம்பெறுவது அரிது. கறையானும் ஈரமும் நெருப்பும் மரத்தை விட்டுவைப்பதில்லை என்பது உண்மையே. எனினும் அவற்றுக்குத் தப்பி எஞ்சியிருக்கும் கதவையும் உத்தரத்தையும் மிம்பரையும்கூட நாம் சான்றாக எடுத்துப் படிப்பதில்லை. பார்க்க நேர்ந்தாலும், மேலே செதுக்கப்பட்ட பூவேலையைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இரண்டு மரத்துண்டுகள் எவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன என்று குனிந்து பார்ப்பவர் சிலரே. தச்சரின் அறிவு அந்தப் பொருத்தில்தான் இருக்கிறது. அந்த அறிவின் வரலாற்றையும், அது நம் கண்ணெதிரே எப்படி மறைகிறது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

மரமில்லாத கோயில் தரும் மரச்சான்று

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில், விழுப்புரம் மாவட்டத்தின் வல்லம் ஒன்றியம் அமைந்துள்ளது. குன்றுகளும் ஏரிகளும் பனைகளும் நிறைந்த இந்தச் சுற்றுவட்டாரத்தில் கற்சான்றுகளுக்குக் குறைவில்லை. செஞ்சிக் கோட்டை 1649இல் பிஜப்பூர் சுல்தான்களிடமும், 1677இல் சிவாஜியிடமும், நீண்ட முற்றுகைக்குப்பின் 1698இல் முகலாயரிடமும் கைமாறியது. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் 1717–18இல் அங்கே எழுந்தது. மராத்தியரின் படைத்தள நிலப்பரப்புகளுள் ஒன்றாக இக்கோட்டையை யுனெஸ்கோ 2025இல் உலக மரபுச்சின்னப் பட்டியலில் சேர்த்தது. மதிலும் மண்டபமும் களஞ்சியமும் நிற்கின்றன. அவற்றில் புழங்கிய மரமோ பெரும்பாலும் இல்லை.

ஆயினும் தமிழகக் கட்டடக்கலையில் மரம் பெற்றிருந்த இடத்தைச் சொல்லும் மிகத் தெளிவான சான்றுகளுள் ஒன்று இதே வட்டாரத்துக் கல்லில்தான் கிடைக்கிறது. செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையை ஒட்டியுள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குடைவரையை அமைத்தான். விசித்திரசித்தன் என்னும் தன் பட்டப்பெயரால் அவன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் இக்கோயில் ஆக்கப்பட்டதென்று தெரிவிக்கிறது. இல்லாதவற்றைப் பட்டியலிட்டு ஒரு மன்னன் பெருமை கொள்கிறான் என்றால், அதுவரை கட்டப்பட்டவை அப்பொருள்களால் ஆனவை என்பது பொருள். மரத்தை விலக்கியதாகச் சொல்லும் கல்வெட்டே மரக்கட்டடக் காலத்தின் சாட்சியாகிவிடுகிறது.

கல்லுக்கு மாறிய பின்னரும் சிற்பிகள் மரத்தை மறக்கவில்லை. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் கூரைவேய்ந்த குடிசையின் வடிவம். ஆவுடையார்கோயிலின் கல் கொடுங்கைகளில் மரச்சட்டங்களும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளும்கூடக் கல்லிலேயே வடிக்கப்பட்டுள்ளன. தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையே வைக்கும் போதிகை, உத்தரத்தின் பாரத்தைப் பரப்பித் தாங்குவதற்காகத் தச்சர் கண்ட உறுப்பாகும். கல்லில் அது வழிவழியாகத் தொடர்ந்தது.

மரம் அசையும் பொருள்

பொருத்தின் நுட்பத்தை அறிய முதலில் மரத்தின் இயல்பை அறிய வேண்டும். வெட்டி உலர்த்திய பின்னும் மரம் ஓய்ந்துவிடுவதில்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, கோடையில் சுருங்குகிறது. இந்த அசைவு எல்லாத் திசையிலும் ஒரேயளவில் நிகழ்வதன்று. மரத்தின் நீளவாக்கில் அது ஏறத்தாழ இல்லை எனலாம். குறுக்குவாக்கில்தான் அது மிகுதி. அங்கும், வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் உள்ள சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கும் திசையில் உள்ளதைவிடச் சுமார் இரு மடங்காகும். அகன்ற பலகை ஒன்றை நான்கு பக்கமும் அசையாமல் இறுக்கிவிட்டால், அடுத்த கோடையில் அது வெடித்தே தீரும்.

இதற்கு உலகெங்கும் தச்சர்கள் கண்ட விடை ஒன்றே. சட்டங்களால் ஒரு சட்டகம் அமைத்து, சட்டத்தின் உட்புறத்தில் காடி எடுத்து, அக்காடிக்குள் பலகையை விளிம்பளவில் செருகி, பசையோ ஆணியோ இன்றி விட்டுவிடுவதே அது. பலகை தன் போக்கில் விரிந்து சுருங்கும். சட்டகம் தன் அளவில் நிற்கும். சட்டங்கள் தம்முள் சேரும் மூலைகளில், ஒன்றின் நுனி நாக்குபோல் செதுக்கப்பட்டு மற்றொன்றில் பொளித்த துளைக்குள் புகுகிறது. நாக்கைக் கழுந்து என்பர். நாக்கும் துளையும் பிரியாதிருக்க, குறுக்கே துளையிட்டு ஒரு மரஆணி அறைவர். இரும்பாணி ஈரத்தில் துருவேறித் தன்னைச் சூழ்ந்த மரத்தையும் கெடுக்கும். மரஆணி மரத்தோடு சேர்ந்தே அசையும். வேண்டும்போது தட்டி எடுத்துப் பொருத்தைக் கழற்றவும் இயலும். இழுவிசைக்கு ஈடுகொடுக்க வேண்டிய பெட்டியின் மூலைகளில், புறாவின் வாலைப் போல் நுனி அகன்ற பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோப்பர். எந்த விசை எத்திசையில் வரும் என்று முன்னுணர்ந்து மரத்தை வெட்டுவதே இக்கலையின் சாரம்.

இதற்குத் தேவைப்பட்ட கருவிகள் சிலவே. மரத்தைச் செத்தி உருவாக்க வாச்சி, அறுக்க வாள், பொளிக்கப் பல அகலங்களில் உளி, உளியைத் தட்டக் கொட்டாப்புளி, மேனியை மழுப்ப இழைப்புளி, துளையிட வில்லால் சுழற்றும் துறப்பணம், சரிபார்க்க மூலைமட்டமும் தூக்குநூலும், வட்டமிடக் கவராயம். இவற்றோடு தச்சுமுழக்கோல். ஏறத்தாழ 33 அங்குல நீளமுள்ள அக்கோல் 24 கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வீட்டின் அளவும் கதவின் அளவும் அக்கோலின் பகுப்பிலிருந்தே பிறந்தன.

வல்லம், செஞ்சி வட்டாரச் சிற்றூர்களில் இக்கலை அரண்மனைக்கும் கோயிலுக்கும் மட்டும் உரியதாக இருந்ததில்லை. பனையின் வைரம் கூரைக்குக் கைமரமாயிற்று. வேம்பும் பூவரசும் கதவுக்கும் பெட்டிக்கும், கருவேலம் ஏருக்கும் வண்டிக்கும் பயன்பட்டன. மாட்டுவண்டிச் சக்கரத்தை எண்ணிப் பார்ப்போம். நடுவே குடம்; குடத்தில் பொளித்த துளைகளில் நாக்கு நுழைத்து நிற்கும் ஆரக்கால்கள்; அவற்றின் மறுமுனைகளைப் பற்றியிருக்கும் வளைந்த வட்டைத் துண்டுகள். சக்கரத்தைவிடச் சிறிதே குறைந்த சுற்றளவுள்ள இரும்புப் பட்டாவைக் கொல்லர் நெருப்பில் காய்ச்சி விரியச் செய்து, சக்கரத்தின் மேல் இறக்கி, உடனே நீரூற்றிக் குளிர்விப்பார். இரும்பு சுருங்கும்போது அத்தனை பொருத்துகளும் ஒருங்கே நெருங்கி இறுகும். தச்சரும் கொல்லரும் ஒருவர் அறிவை மற்றவர் அறிந்திருந்தாலன்றி அச்சக்கரம் உருளாது.

பழைய வீடுகளின் கதவில் கீல் இருப்பதில்லை. கதவின் ஓர் ஓரச்சட்டம் மேலும் கீழும் நீண்டு குடுமியாகி, மேலே நிலையின் துளையிலும் கீழே குழியிலும் அமர்ந்து சுழல்கிறது. ஆள் உயரத்தைவிடப் பெரிய கதவின் முழுப் பாரமும் அந்தக் குடுமியின் முனையில் நிற்கிறது.

இவ்வறிவு நூலிலும் ஏறியிருக்கிறது. தென்னாட்டுச் சிற்பநூலாகிய மயமதம் தன் 17ஆம் இயலை மரப்பொருத்துகளுக்கே ஒதுக்குகிறது. அதனைப் புரூனோ தாகென்ஸ் பதிப்பித்துப் பிரெஞ்சில் மொழிபெயர்க்க, திண்டிவனத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1970களில் வெளியிட்டது. எனினும் சுலோகத்தைப் படித்து ஒருவர் பொருத்தை வெட்டிவிட இயலாது. நூல் பெயரைச் சொல்லும், அளவைச் சொல்லும். கோட்டின் எந்தப் பக்கத்தில் வாளை வைப்பது என்பது தந்தையின் அருகில் அமர்ந்த மகனுக்கே தெரியவரும்.

இஸ்லாமிய மரபில் தச்சு

தச்சுத்தொழிலுக்கு இஸ்லாமிய மரபு அளித்த இடம் சிறியதன்று. நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் உண்டு. நபி (ஸல்) அவர்கள் பேரீச்ச மரத்தண்டின் அருகில் நின்று உரையாற்றி வந்தார்கள். பின்னர் அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் பணியாளரான தச்சர், மதீனாவை அடுத்த காபா என்னும் இடத்து மரத்திலிருந்து மூன்று படிகள் கொண்ட மிம்பரைச் செய்தார் என்பதும் ஹதீஸ் நூல்கள் தரும் செய்தியே. உலகின் பள்ளிவாசல்களில் உள்ள மிம்பர்கள் யாவற்றுக்கும் மூலமாகிய அந்த மூன்று படிகள் ஒரு பணியாளரின் கைவேலை.

நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலைத் திருக்குர்ஆனின் 54ஆம் அத்தியாயம் பலகைகளையும் ‘துஸுர்’ என்பவற்றையும் உடையதாகக் குறிக்கிறது. துஸுர் என்பதற்கு ஆணிகள் என்றே விரிவுரையாளர்கள் பலரும் பொருள் கூறினர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபு அகராதிகள் பதிவு செய்துள்ளன. இச்சொல்லாய்வுக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்ப உண்மை இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் கப்பல்கள் பல நூற்றாண்டுகளாகத் தைக்கப்பட்டே வந்தன. பலகை விளிம்புகளில் வரிசையாகத் துளையிட்டு, தேங்காய்நார்க் கயிற்றால் தைத்து, துளைகளை அடைத்து, எண்ணெய் பூசிக் கடலில் விட்டனர். 1183இல் ஐதாபுத் துறைமுகத்தில் இத்தகைய கலங்களைக் கண்ட இப்னு ஜுபைர், அவற்றுக்கான மரம் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்ததாக எழுதினார். ஆணியடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும். தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுக்கும் என்பது இப்னு பதூதா தரும் விளக்கம். அசையும் மரத்துக்கு அசைய இடம் கொடுக்க வேண்டும் என்ற அதே விதியைக் கடலிலும் காண்கிறோம்.

அறிஞர்களும் இத்தொழிலைப் புறக்கணிக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணிதமேதை அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி, கைவினைஞருக்குத் தேவைப்படும் வடிவகணிதத்தைத் தனி நூலாகவே எழுதினார். 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் அதில் தச்சுக்கு ஒரு பகுதியை ஒதுக்கினார். விகிதங்களை அறியாமல் மரத்துக்கு வடிவம் தர இயலாதென்றும், ஆகவே தச்சருக்கு வடிவகணிதம் இன்றியமையாததென்றும், யூக்ளிட் முதலிய கிரேக்கக் கணித வல்லுநர்கள் தச்சில் தேர்ந்தவர்களாக இருந்தனர் என்றும் அவர் கூறினார். யூக்ளிட் பற்றிய செய்தி வரலாற்றளவில் எவ்வாறாயினும், உளி பிடித்த கையையும் தேற்றம் எழுதிய கையையும் ஒரே வரிசையில் வைத்த அவர் பார்வை நம் கருத்துக்குரியது.

இஸ்லாமிய நாடுகளின் மரவேலையில் விண்மீன்களும் பல்கோணங்களும் பின்னிய கோலங்களைக் காண்போர், அவற்றை வெறும் அலங்காரமாக எண்ணுவதுண்டு. எகிப்து முதலிய நாடுகளில் நல்ல மரம் அரிது, காற்றோ வறண்டது. பெரிய பலகை கிடைப்பதும் கடினம்; கிடைத்தாலும் பிளவுபடும். ஆகவே தச்சர்கள் சிறு சிறு துண்டுகளைக் காடியெடுத்த சட்டங்களுக்குள் கோத்தனர். சட்டங்களின் போக்கே கோலமாயிற்று. நாம் மேலே கண்ட சட்டகமும் பலகையும்தான் அங்கே வடிவகணிதத்தோடு சேர்ந்து நூறாயிரம் வடிவங்களாகப் பெருகின.

கடல் கடந்த தேக்கு

துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் உள்ள மிம்பர், இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழமையானது. 862ஐ ஒட்டிய காலத்தது. 300க்கும் மேற்பட்ட செதுக்குப் பலகைகளால் ஆனது. அதன் மரம் இந்தியத் தேக்கு. நம் மலைகளில் வளர்ந்த மரம் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஆப்பிரிக்கக் கரையில் குத்பாவின் மேடையாகியிருக்கிறது.

மரம் மேற்கே சென்றது. வணிகர் கிழக்கே வந்தனர். கோழிக்கோட்டில் பதினான்காம் நூற்றாண்டில் நாகுதா மிஷ்கால் கட்டிய பள்ளிவாசல் நான்கு அடுக்குகள் கொண்டது. அதன் மேலடுக்குகள் மரத்தாலானவை. 1510இல் போர்ச்சுகீசியர் அதற்குத் தீயிட்ட பின்னரும் அது புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. அதன் கூரை கேரளத் தச்சரின் கூரை. பேப்பூரில் அரபு நாடுகளுக்கென உரு என்னும் பெருங்கலங்களைக் கட்டும் தொழிலிலும், வரைபடமின்றி மரத்தை வகுக்கும் தச்சரும் கலத்தைக் கடலுக்கு இழுத்து இறக்கும் மாப்பிள்ளைக் கலாசிகளும் தலைமுறைகளாக இணைந்து உழைத்து வந்துள்ளனர்.

சோழமண்டலக் கரையிலும் இதே உறவுதான். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய பள்ளிவாசல்கள் கல்தூண் மண்டபங்களாக எழுந்தவை. உருவச்சிற்பம் தவிர்க்கப்பட்டது, தூணும் போதிகையும் தமிழக மரபிலேயே அமைந்தன. தச்சர், கொல்லர், கன்னார், சிற்பி, தட்டார் என்னும் ஐந்தொழில் மரபினரின் கைவண்ணம் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பொதுவாயிருந்தது. மரத்தில் பிறந்த போதிகை, கல்லுக்கு மாறி, கோயில் வழியே பள்ளிவாசலின் தொழுகைக்கூடத்தை அடைந்தது. நம் பண்பாட்டுக் கலப்பைப் பற்றி எழுதும்போது மொழியையும் இலக்கியத்தையும் பேசுகிறோம். நம் தலைக்கு மேலிருக்கும் போதிகை அதே செய்தியைச் சொல்வதைக் கவனிப்பதில்லை.

நம் வீடுகளில் எளிதாகக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்றும் ஒன்றுண்டு. திருக்குர்ஆனை வைத்து ஓதும் ரிஹால், முறையான செய்முறையில் ஒரே பலகையிலிருந்து ஆக்கப்படுவது. பலகையின் நடுவில் விரல்கள் கோத்தாற்போன்ற மடிப்பை வெட்டி, இரு முனைகளிலிருந்தும் பலகையின் கனத்தை நடுவே பிளந்துகொண்டு வந்தால், ஒரு மரமே இரு மரமாகி, பிரியாமல் விரிந்து நிற்கும். அதில் கீல் இல்லை, ஆணி இல்லை, பசையும் இல்லை. ஹிஜ்ரி 761இல், அதாவது 1360இல், ஹஸன் இப்னு சுலைமான் இஸ்ஃபஹானி செய்து தம் பெயர் பொறித்த தேக்கு ரிஹால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. நம் இல்லங்களில் உள்ளவற்றை யார் செய்தார்கள் என்பது எங்கும் பொறிக்கப்படவில்லை.

ஒரு மிம்பரின் பாடம்

பொருத்தின் அறிவு தொலைந்தால் அதனை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு மஸ்ஜிதுல் அக்ஸாவின் மிம்பர் சான்று. ஜெருசலேம் மீளும் என்ற நம்பிக்கையில் சுல்தான் நூருத்தீன் ஸன்கி 1168–69இல் அலெப்போவில் அதனைச் செய்யப் பணித்தார். அவர் மறைந்த பின், 1187இல் நகரை மீட்ட சுல்தான் ஸலாஹுத்தீன் அதனைக் கொண்டுவந்து அக்ஸாவில் நிறுவினார். ஹுமைத் இப்னு ஸாஃபிர் முதலிய தச்சர்கள் தம் பெயர்களை அதில் செதுக்கியிருந்தனர். ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் நின்ற அந்த மிம்பர், 1969 ஆகஸ்ட் 21ஆம் நாள் ஓர் ஆஸ்திரேலியர் வைத்த தீயில் எரிந்தது. சில துண்டுகளே மிஞ்சின.

மீண்டும் செய்ய முடிவெடுத்தபோதுதான் இழப்பின் முழு அளவும் புலப்பட்டது. பழைய ஒளிப்படங்கள் இருந்தன. எரிந்த துண்டுகள் இருந்தன. செல்வமும் மரமும் தேடினால் கிடைக்கக்கூடியவை. ஆனால் கோலங்களின் கணிதத்தையும் துண்டுகள் ஒன்றையொன்று பற்றும் முறையையும் முழுமையாக அறிந்த தச்சுமரபு அறுந்துபோயிருந்தது. பொறியாளர் மின்வர் அல்-முஹைத் ஒளிப்படங்களிலிருந்து அக்கோலங்களின் விதிகளைப் படிப்படியாகக் கண்டறிந்து வரைந்தார். ஜோர்தானில் அல்-பல்கா பயன்பாட்டுப் பல்கலைக்கழகத்தில் பட்டறை அமைந்தது. துருக்கி, இந்தோனேசியா முதலிய நாடுகளின் கைவினைஞர்கள் அங்கே கூடினர். ஆணியும் பசையுமின்றிக் கோக்கப்பட்ட சுமார் 16,500 துண்டுகளால் ஆன புதிய மிம்பர் 2007இல் அக்ஸாவில் நிறுவப்பட்டது. எரிந்தது ஒரு நாளில். மீண்டது 38 ஆண்டுகளில். அதுவும் ஒளிப்படங்கள் இருந்ததனால்தான் மீண்டது.

எந்திரமும் ஒட்டுப்பலகையும்

கைவேலை மறைவதற்கு எந்திரமே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது பாதி உண்மை. மரவேலைக்கான எந்திரங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்தில் உருவாகத் தொடங்கின. போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் மார்க் புருனெல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்தளித்த 45 எந்திரங்கள், 1808 அளவில் ஆண்டுக்கு 1,30,000 கப்பிக்கட்டைகளை ஆக்கின. 110 தேர்ந்த கைவினைஞர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்தனர். வட்டவாளும் முடிவில்லாத பட்டையாகச் சுழலும் பட்டைவாளும் பின்னர் நம் ஊர்களை அடைந்தன. பள்ளத்துக்குள் ஒருவரும் மேலே ஒருவரும் நின்று நாள் முழுதும் அறுத்த மரத்தை மின்வாள் சில நிமிடங்களில் அறுத்துத் தந்தது. அந்த உழைப்பின் கடுமையை அறிந்தோர் எவரும் அது திரும்ப வேண்டுமென விரும்பமாட்டார்கள்.

எந்திரம் மரத்தை அறுத்ததேயன்றிப் பொருத்தை ஒழிக்கவில்லை. எந்திரத்தில் அறுத்த பர்மாத் தேக்கிலும் தச்சர் நாக்கும் துளையும்தான் வெட்டினார். பொருத்தை ஒழித்தது மரத்தின் மாற்றமே. மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய ஒட்டுப்பலகையில், ஒரு ஏட்டின் அசைவை அடுத்த ஏடு தடுத்துவிடுகிறது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் நீளவாக்கு, குறுக்குவாக்கு என்ற வேறுபாடே இல்லை. அசையாத பலகைக்கு அசைய இடம் தர வேண்டியதில்லை. திருகாணியும் பசையும் போதும். எந்தச் சிக்கலுக்கு விடையாகப் பொருத்து பிறந்ததோ, அந்தச் சிக்கலே வாழ்விலிருந்து விலகியபோது, விடையைக் கற்பிப்பாரும் கற்பாரும் அருகினர்.

மரமும் அரிதாயிற்று. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் வழங்கிய ஆணை, காடுகளில் மரம் வெட்டுவதையும் மர அறுவை ஆலைகளையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் மர உருட்டுகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. காடுகளின் நலன் கருதி இவை தேவையானவையே. அதன் விளைவாக, நம் முன்னோர் விட்டுச்சென்ற பழைய தேக்கு உத்தரங்கள் சந்தையில் விலையேறின. பழையதை இடிப்பவருக்கு மரமே பெரும் வருவாயாயிற்று.

அரசு ஏற்பும் ஒரு பக்கமாகவே வந்துள்ளது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது; மகிழத்தக்க செய்தி. எனினும் செதுக்கலுக்குக் கிடைத்த இந்த ஏற்பு, கண்ணுக்குத் தெரியாத பொருத்துக்குக் கிடைக்கவில்லை. செதுக்கலைக் கணினியால் இயங்கும் எந்திரம் இன்று படியெடுத்துவிடும். பழைய கதவு ஒன்று தளர்ந்தால் அதனைக் கழற்றி, பழுதைக் களைந்து, மீண்டும் கோத்துத் தரும் கையை அது தராது.

நம் பொறுப்பு

தமிழகத்தின் பல ஊர்களில் பழைய பள்ளிவாசல்கள் இடிக்கப்பட்டுக் கற்காரைக் கட்டடங்கள் எழுகின்றன. தொழுவோர் பெருகியுள்ளனர், இடம் போதவில்லை, கூரை ஒழுகுகிறது, உத்தரம் கறையானுக்கு இரையாகியிருக்கிறது. நிர்வாகிகளின் இந்தக் காரணங்கள் பலவும் நியாயமானவை. பழமை என்பதற்காகவே ஒரு கட்டடத்தைக் காக்க வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. புதுப்பிக்கும் உரிமை ஜமாஅத்துக்கு உண்டு. ஆனால் புதுப்பிப்பதற்கும் தடயமின்றி அழிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

நாம் கேட்பது செலவு மிகாத சில செயல்களை. இடிக்குமுன் மிம்பர், கதவு, நிலை, உத்தரம், சாளரம் ஆகியவற்றை அளந்து வரைந்து, பொருத்துகள் தெரியும்படி அண்மையிலிருந்து ஒளிப்படம் எடுக்க வேண்டும். எந்த மரம் என்பதைத் தெரிந்தவரிடம் கேட்டு எழுத வேண்டும். கழற்றும்போது வாளால் அறுக்காமல், மரஆணியைத் தட்டி எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணிட வேண்டும். எண்ணிடப்பட்ட மிம்பரைப் புதிய கட்டடத்திலும் மீண்டும் கோக்கலாம். கொர்தோபாவில் 1137இல் பணிக்கப்பட்ட மிம்பர் துண்டு துண்டாகக் கடல்கடந்து மர்ராகுஷை அடைந்தது இவ்வாறே. பழுதுபார்க்கும் இடங்களில், காடிக்குள் உலவும் பலகையைத் திருகாணியால் இறுக்குவதையும், உத்தர முனையைச் சிமெண்டால் மூடி ஈரத்தைச் சிறைப்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். காப்பதாக எண்ணிச் செய்யப்படும் இவை மரத்தை விரைவில் வீழ்த்தும்.

இவை அனைத்தினும் அவசரமானது ஒன்றுண்டு. ஊரில் எஞ்சியிருக்கும் முதிய தச்சரை அழைத்து, அந்தப் பொருத்துக்கு அவர் வழங்கும் பெயரையும், அதனை வெட்டும் வரிசையையும் அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்ய வேண்டும். அவர் எந்தச் சமயத்தவர், எந்த மரபினர் என்பது இங்கே பொருட்டன்று. நம் பள்ளிவாசலின் வரலாற்றில் ஓர் இயல் அவரிடம்தான் இருக்கிறது. அலெப்போவின் தச்சர்கள் தம் பெயரைத் தாமே மரத்தில் எழுதிச் சென்றனர். நம் தச்சர்கள் எழுதவில்லை. பள்ளிவாசல் மலர்களை வெளியிடும்போது நன்கொடையாளர்களின் பெயர்களை நாம் பக்கம் பக்கமாக அச்சிடுகிறோம். அம்மலரின் ஒரு பக்கத்தில் மிம்பரைச் செய்தவரின் பெயரும், அவர் வெட்டிய பொருத்தின் வரைபடமும் இடம்பெறட்டும்.